பயிர் கருகுது! மருந்துப் பொட்டலம் வேண்டாம், மூன்று ஜீன் விதையைக் கொடு!

தாம்பரம், படப்பை, மணிமங்கலம், மண்ணிவாக்கம், வண்டலூர், மாம்பாக்கம், திருப்போரூர் பக்கத்து அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! குத்தகை சாகுபடி செய்வோரே! விவசாயத் தொழிலாளர் சகோதர சகோதரிகளே!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை டி.வி.க்காரர்கள் படகில் போய்ப் படம் எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான், நாமும் அனுதாபப்பட்டோம். ஆனால் அந்த அடையாற்றுத் தண்ணீர் அங்கே போவதற்கு முன்னால் எங்கே நின்றது? ஆதனூர், மணிமங்கலம் பக்கம் பால் பிடித்து நின்ற நம்முடைய சம்பா வயலில் நின்றது. அதைப் படம் எடுக்க ஒரு ஆளும் வரவில்லை. முன்னே எல்லாம் இரண்டு நாளில் வடிகிற தண்ணீர், மனைப் பிரிவுக்காரன் கால்வாயை மேடாக்கி ரோடு போட்ட பிறகு ஐந்து நாள், ஆறு நாள் நிற்கிறது. அதோடு குடியிருப்புக் கழிவுநீரும் கலந்து நிற்கிறது.

தண்ணீர் வடிந்தது. "தப்பிச்சோம்டா சாமி" என்று நாம் மூச்சு விட்ட பத்தாவது நாள், இலை நுனி மஞ்சளாகி ஓரம் அலை அலையாக வெளுத்துக்கொண்டு கீழே இறங்கியது. விடியற்காலையில் பார்த்தால் இலை ஓரத்தில் சின்னச் சின்ன பால் துளி. வெயில் ஏறினால் அது கடுகு மாதிரி மஞ்சளாகக் காய்ந்துவிடும். அடுத்த வாரம் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் "என்ன, அதுக்குள்ள அறுப்புக்கு வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். அறுப்புக்கு வரவில்லை ஐயா, கருகிவிட்டது. பாதிக் கதிர் பதர்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர், இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர், இலையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் இலையைக் கையில்கூட வாங்கவில்லை. "குலை நோய்தான் அண்ணே, இதை அடிங்க" என்று பூஞ்சாண மருந்தைக் கொடுத்தார். அடித்தார். கேட்கவில்லை. மறுபடி போனால், "அப்போ இது பாக்டீரியா அண்ணே" என்று 6 கிராம் பொட்டலம் சிலவற்றை எடுத்து நீட்டினார். அதையும் அடித்தார், அதுவும் கேட்கவில்லை. நெல் போனது, மருந்துக் காசும் போனது, குத்தகை மட்டும் நின்றது. இது ஒருவர் கதை இல்லை. இதைப் படிக்கிற பத்து பேரில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் கேட்கவில்லை? இதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் பேசப் போகிறோம். கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பயப்பட வேண்டாம். கிருமி எப்படி நம் பயிரைத் தின்கிறது என்று தெரிந்துகொள்ளாமல், யாரிடம் போய் எதைக் கேட்பது என்று நமக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில்தான் பலருக்கும் வியாபாரம் நடக்கிறது.

ஏரி மதகும் இலை மதகும்

முதலில் இது பூஞ்சாணமா பாக்டீரியாவா என்று நாமே பார்த்துவிடலாம். கருக ஆரம்பித்த இலையை, பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் விடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கசிவது போல, புகை இழை போல இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சாண மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் செலவு, அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது.

இந்தக் கிருமியின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. ஜப்பானில் ஃபுகுவோகா பகுதி விவசாயிகள் 1884-லேயே இந்த நோயைக் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் 1963-ல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் கொள்ளை நோய் போலப் பரவியது. அதன் பிறகு 1960-களின் நடுவில் தைச்சுங் நேட்டிவ்-1 என்ற குட்டை ரகம் வந்தது. உரம் போட்டால் பொங்கி விளையும், ஆனால் இந்தக் கிருமிக்கு அது விருந்துச் சாப்பாடு. பசுமைப் புரட்சி என்று மாலை போட்டவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டார்கள்.

கிருமி இலை ஓரத்தில் இருக்கும் நீர்த் துளைகள் வழியாகவும், புயல் காற்றில் இலையோடு இலை உரசிய கீறல் வழியாகவும் உள்ளே போகும். நடவின்போது நாற்று நுனியைக் கிள்ளி நடுகிறோமே, அதுவும் நாமே திறந்து வைக்கிற வாசல்தான். உள்ளே போனதும் தண்ணீர் ஏறுகிற நரம்புக்குள் குடியேறிவிடும். மேலே தெளிக்கிற மருந்து எட்டாத இடம் அது. வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது வாசலில் மிளகாய்ப் பொடி தூவுகிற கதைதான் நாம் அடிக்கிற மருந்து.

சரி, நரம்புக்குள் தண்ணீர்தானே ஓடும், அங்கே சாப்பாடு ஏது? இங்கேதான் கிருமியின் சாமர்த்தியம் இருக்கிறது. நெல் தயாரிக்கிற சர்க்கரையை ஒரு செல்லிலிருந்து வெளியே விடுவதற்கு அதன் சுவரில் மதகு மாதிரி ஒரு அமைப்பு உண்டு. அதைச் செய்கிற மரபணுவுக்கு விஞ்ஞானிகள் 'ஸ்வீட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டிய நேரத்தில் மட்டும் நெல் அதைத் திறக்கும், மற்ற நேரம் மூடி வைக்கும். நம் ஏரி மதகு மாதிரிதான். இந்தக் கிருமி, ஊசி போன்ற ஒரு குழாயால் தன் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் நெல்லின் மரபணு இருக்கும் இடத்துக்கே போய், எழுத்துக் கூட்டிப் படித்து, சரியாக அந்த மதகு மரபணுவைக் கண்டுபிடித்து முடுக்கிவிடுகிறது. மதகு திறக்கிறது. சர்க்கரை கொட்டுகிறது. கிருமி உட்கார்ந்து தின்கிறது. நாம் போட்ட யூரியாவும் உழைத்த உழைப்பும் அந்த மதகு வழியாகத்தான் போகிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறது என்று சொன்னது கதை இல்லை. அந்தப் புரதம் ஒரு மணிச்சரம் மாதிரி. கிட்டத்தட்ட 34 மணி கொண்ட ஒரே மாதிரியான கொத்து திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு கொத்திலும் 12, 13-ஆவது மணி மட்டும் மாறும். அந்த இரண்டு மணிதான் நெல்லின் ஒரு எழுத்தை அடையாளம் காண்கிறது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் 2009-ல் இந்த ரகசியத்தை உடைத்தன. அதை வைத்து மரபணுவை வெட்டி ஒட்டும் கருவியே செய்துவிட்டார்கள். 2015-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தக் கருவியால் திருத்திய செல்களைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். சந்தோஷம், அந்தக் குழந்தை நூறு ஆண்டு வாழட்டும். பயிர்க் கிருமியைப் படித்ததில் ஒரு பிள்ளை பிழைத்தது. பயிர் வைத்தவன் மட்டும் இன்னும் 6 கிராம் பொட்டலத்தோடு நிற்கிறான்.

இந்தக் கிருமியின் மொத்த மரபணுத் தொகுப்பையும் 2005-ல் கொரியாவில் வாசித்து வெளியிட்டார்கள். சுமார் 49 லட்சம் எழுத்து. அதில் இடம் விட்டு இடம் தாவுகிற துண்டுகள் ஏராளம். அதனால்தான் இது அடிக்கடி வேஷம் மாற்றுகிறது. மணிச்சரத்தில் இரண்டு கொத்து இடம் மாறினால் போதும், சாவியின் பல் மாறிவிடும், வேறு பூட்டுக்குப் பொருந்தும். ஊருக்கு ஊர், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு வகைக் கிருமி இருப்பது இதனால்தான். நாடு விட்டு நாடும் போகிறது: தான்சானியாவில் நெல்லைக் கருக்கிய கிருமி ஆப்பிரிக்காவில் இருந்தது அல்ல, ஆசியாவிலிருந்து போனது என்று மரபணுவை வாசித்தே 2023-ல் வெளியிட்டார்கள்.

நம் ஊர் ஜீன் மணிலா போய் வந்த கதை

நெல்லும் சும்மா இருக்கவில்லை. கிருமியைத் தாங்குகிற ஜீன்கள் நெல்லிலேயே உண்டு. அவற்றுக்கு வரிசை எண் போட்டு எக்ஸ்ஏ-1, எக்ஸ்ஏ-2 என்று அழைக்கிறார்கள்.

இதில் எக்ஸ்ஏ-4 என்பது எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? டி.கே.எம்.6 என்ற நெல்லில் இருந்து. டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம். இன்று திருவள்ளூர் மாவட்டம், அன்று நம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1952-ல் அங்கே வெளியிட்ட நெல் அது. நம் தாத்தாக்கள் பயிரிட்ட நெல். அதை மணிலா பக்கத்தில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் எடுத்துப் போய் ஒட்டுச் சேர்த்ததில் வந்ததுதான் ஐ.ஆர்.20. நம் வீட்டுப் பெண் வெளியூர் போய்ப் புதுப்பெயரோடு திரும்பி வந்த மாதிரி நம்மிடமே வந்தது. ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் ஐ.ஆர்.20 சோறு சாப்பிட்டவர்கள்தான்.

ஆனால் ஒன்று நடந்தது. எக்ஸ்ஏ-4 என்ற ஒரே பூட்டை வைத்துக்கொண்டு ஆசியா முழுக்க லட்சக்கணக்கான ஏக்கரில் பயிர் வைத்தார்கள். கிருமி சாவியை மாற்றிக்கொண்டது. பிலிப்பைன்ஸிலேயே எக்ஸ்ஏ-4-ஐத் தாண்டும் வகை பெருகியது. ஒற்றைப் பூட்டு எத்தனை நாள் தாங்கும்? இந்தப் பாடத்தை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு எந்தக் கம்பெனியாவது "நோய் தாங்கும் விதை" என்று பளபளப்புப் பையில் கொண்டுவந்தால், "எத்தனை ஜீன் இருக்கு? எந்தெந்த ஜீன்? எழுதிக் கொடு" என்று கேளுங்கள்.

அடுத்தது எக்ஸ்ஏ-21. இது ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் காட்டு நெல்லில் இருந்த ஜீன். அந்தக் காட்டு நெல் ஒரிசாவில் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. அங்கே நம் விஞ்ஞானிகள்தான் 1970-களின் பிற்பகுதியில், இது கையிலிருந்த எல்லா வகைக் கிருமியையும் தாங்குகிறது என்று கண்டார்கள். அங்கிருந்து மணிலா. அங்கே நம் பஞ்சாபில் பிறந்த குர்தேவ் சிங் குஷ் குழுவினர் அதைச் சாப்பாட்டு நெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் கலிபோர்னியா. 1995-ல் அங்கே பேராசிரியை பமீலா ரொனால்டு ஆய்வகம் ஜீனைத் தனியே பிரித்தெடுத்தது, கலிபோர்னியா பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. மாலிக்காரன் மண், கட்டாக்கின் கண், காகிதம் மட்டும் கலிபோர்னியாவுடையது! ஜீன் தந்த நாடுகளுக்குப் பங்கு கொடுக்க ஒரு நிதி ஏற்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுவோம், மறைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்ஏ-21 கிருமியின் எந்தப் புரதத்தைப் பார்த்து விழித்துக்கொள்கிறது என்று அதே ஆய்வகம் வெளியிட்ட கட்டுரை தவறாகப் போனது. 2013-ல் "எங்கள் தவறு" என்று அவர்களே அறிவித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2015-ல் சரியான புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இங்கே பட்டாவில் ஒரு சர்வே எண் தப்பாக விழுந்ததைத் திருத்தச் சொல்லி நம் உறுப்பினர்கள் எத்தனை வருடமாக நடக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம்.

எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13 என்று இன்னும் இரண்டு. இவை பழைய வங்கத்து, இந்திய நாட்டு நெல்களில் இருந்தவை. மூன்றும் மூன்று விதமாக வேலை செய்வதுதான் அருமை. எக்ஸ்ஏ-21 ஏரிக்கரைக் காவல்காரன் மாதிரி, கிருமி வாசலுக்கு வந்ததுமே அடையாளம் கண்டு குரல் கொடுப்பான். எக்ஸ்ஏ-13 என்பது வேறொன்றும் இல்லை, அந்தச் சர்க்கரை மதகேதான், பூட்டு மாற்றிய மதகு. கிருமியின் பழைய சாவி அதில் நுழையாது. எக்ஸ்ஏ-5 இருந்தால், மதகைத் திருப்புவதற்குக் கிருமி பிடித்துக்கொள்கிற கைப்பிடி வழுக்கிவிடும். கிருமியிடம் வேறு மதகைத் திறக்கும் கள்ளச்சாவியும் உண்டு, அதனால் எக்ஸ்ஏ-13 மட்டும் போதாது. எக்ஸ்ஏ-21 ஒன்றைத் தனியே தாண்டும் கிருமி வகையும் இந்தியாவில் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே நெல்லில் இருந்தால்? ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் ஒரே கிருமிக்கு வாய்க்க வேண்டும். ஒரு சீட்டில் பரிசு விழலாம், அடுத்தடுத்து மூன்று சீட்டிலும் அதே ஆளுக்கு விழுவது லேசில் நடக்காது.

விதை இருக்கிறது, வயலுக்கு ஏன் வரவில்லை?

இப்போது கேளுங்கள். இந்த மூன்று ஜீனும் சேர்ந்த நெல் கனவு இல்லை, ஆய்வகத்தில் பூட்டி வைத்த ரகசியமும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும், அப்போது நெல் ஆராய்ச்சி இயக்ககம் என்றிருந்த இன்றைய இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, நாம் 'ஆந்திரா பொன்னி' என்று பயிரிடுகிற அதே பி.பி.டி. 5204-க்குள் இந்த மூன்று ஜீனையும் சேர்த்துவிட்டன. 2008-ல் வெளியிட்டார்கள். 'இம்ப்ரூவ்ட் சம்பா மசூரி' என்று பெயர், ஆர்.பி. பயோ-226 என்றும் சொல்வார்கள். அரிசி அதே சன்னம், சோறு அதே சோறு. வியாபாரி விலை குறைக்கச் சாக்கு இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே டெல்லியில் பூசா பாஸ்மதி-1-க்கு எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21 சேர்த்து வெளியிட்டார்கள். பாஸ்மதி ஏற்றுமதி ஆகும், டாலர் வரும். நம் சம்பா சோற்றுக்குத்தானே போகிறது!

இது மரபணு மாற்றுப் பயிரா என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பி.டி. கத்தரிக்காயை நம் சங்கமும் எதிர்த்தது, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தபோது இனிப்பு கொடுத்தவர்கள் நாம். ஆனால் இது அந்த ஜாதி இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்றில் மூன்று ஜீனும் வந்திருக்கிறது என்று மரபணு அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுத்து, திரும்பத் திரும்ப பி.பி.டி.யோடு சேர்த்தது. நம் பெரியவர்கள் கதிரைப் பார்த்துப் பொறுக்கினார்கள், இவர்கள் ஜீனைப் பார்த்துப் பொறுக்கினார்கள். வீரிய ஒட்டு விதை மாதிரி வருடா வருடம் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. பிறழாமல் வரும், எடுத்து வைத்து விதைக்கலாம், பக்கத்துக்காரருக்கு மாற்றிக் கொடுக்கலாம். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. கம்பெனி முத்திரை போட்டு விற்க மட்டும்தான் கூடாது.

ஒருவேளை கம்பெனிக்கு லாபம் இல்லாததுதான் இந்த விதையின் குற்றமோ என்னவோ!

நாங்கள் ஒரு டெப்போவில் போய்க் கேட்டோம். எந்த டெப்போ என்று வேண்டாம், அங்கே இருந்தவரும் நல்ல மனிதர்தான். "அப்படி ஒரு ரகம் நம்ம லிஸ்ட்லயே இல்லைங்க" என்றார். மேலே ஒரு அலுவலகத்தில் கேட்டோம். "உங்க ஏரியாவுல விவசாயமே இல்லையே சார், எல்லாம் பிளாட் ஆயிடுச்சே" என்று சிரித்தார்கள். விவசாயம் இல்லையாம்! தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டதால் அதன் எல்லைக்கு அப்பால் இருக்கும் நெல் வயல் எல்லாம் மாயமாகிவிடுமா? சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் பார்க்கிற மண் இது. பட்டத்துக்குப் பட்டம் வயல் குறைகிறது என்பது உண்மைதான். ஒவ்வொரு முறை பயிர் கருகும்போதும் ஒரு குடும்பம் "போதும்" என்று வயலை விற்கிறது. மனைப் பிரிவுக்காரன் வரப்பில் காத்துக்கொண்டு நிற்கிறான். கிருமி பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது, மீதியை அவன் பார்த்துக்கொள்கிறான்.

வெள்ளம் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 விதையைத் தமிழ்நாட்டில் விவசாயிக்குக் கொண்டுவரவில்லையா? கொண்டுவந்தார்கள். அதுவும் இதே முறையில் ஜீன் பார்த்துச் சேர்த்த நெல்தான். மனசு இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வெள்ளத்துக்குக் கொடுத்தவர்கள் வெள்ளத்தோடு கூடவே வருகிற கிருமிக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

சானடோரியம் மருந்தை வயலில் அடிக்கலாமா?

அந்த 6 கிராம் பொட்டலத்துக்கு வருவோம். அதில் இருப்பது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்கிளினும். ஸ்ட்ரெப்டோமைசின் என்றால் என்ன? 1943-ல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. காசநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்த மருந்து. நம் தாம்பரத்துக்கு இதைச் சொல்லவே வேண்டாம். டாக்டர் சவுரி முத்து 1928-ல் இங்கே காசநோய் சானடோரியம் ஆரம்பித்தார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இருமிக்கொண்டு வந்து இறங்கிய சனங்களை நம் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். மனிதனைக் காப்பாற்ற வந்த அந்த மருந்தை டேங்கில் கலக்கி ஏக்கர் கணக்கில் தெளிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

தெளித்தால் என்ன ஆகும்? வயல் மண்ணில், தண்ணீரில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவில் மருந்துக்குச் சாகாதது மட்டும் பிழைத்துப் பெருகும். பாக்டீரியாவுக்கு நம்மை மாதிரி தாய் தகப்பனிடமிருந்துதான் ஜீன் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருப்பதற்கும் கைமாற்றாகக் கொடுக்கும். அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டங்களில் ஸ்ட்ரெப்டோமைசின் அடித்து அடித்து, அதற்குச் சாகாத கிருமி வந்தது. 1990-களில் அதைப் பிரித்துப் பார்த்தபோது, மருந்தை முறிக்கும் இரண்டு ஜீன்கள் சேர்ந்தாற்போல் ஒரு தாவும் துண்டில் உட்கார்ந்திருந்தன. அதே ஜோடி ஜீன்கள் மனிதனுக்கும் மாட்டுக்கும் நோய் தரும் கிருமிகளிலும் இருக்கின்றன. நம் வயல் தண்ணீர் ஏரிக்குப் போகிறது, ஏரி அடையாற்றுக்குப் போகிறது, ஆறு நகரத்துக்குள் போகிறது. மருந்து கேட்காத கிருமிக்கு ஊர் எல்லை தெரியுமா?

மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. இந்த மருந்தைப் பயிரில் பயன்படுத்துவதை 2024 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்த வேண்டும் என்று அதில் சொன்னது. நிறுத்தட்டும், நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கையால் மருந்தைப் பிடுங்குகிறவர்கள் மறு கையால் விதையைக் கொடுத்தார்களா? இல்லை. விவசாயி என்ன செய்வான்? கள்ளத்தனமாக எது கிடைக்கிறதோ அதை வாங்கி அடிப்பான். அப்புறம் "விவசாயிகள் அறியாமையால் ஆன்டிபயாடிக் தெளிக்கிறார்கள்" என்று ஏ.சி. ஹாலில் கருத்தரங்கு நடத்துவார்கள். அறியாமை யாருடையது?

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுவோம். இலை கொஞ்சம் வெளுத்தால் மூட்டை யூரியாவை வீசுகிறோம். தழைச்சத்து கூடினால் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். நம் வயலில் கழிவுநீர் வேறு ஏற்கெனவே தழைச்சத்தைக் கொட்டுகிறது. நோய் கண்ட வயலுக்கு மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். நாற்று நுனியைக் கிள்ளாதீர்கள். நோய் கண்ட வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திறக்காதீர்கள், அண்ணன் தம்பி சண்டை இருந்தாலும்! வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிற பசுஞ்சாணக் கரைசல் 20 சதவீதம், நோய் தெரிந்ததும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிக்கலாம். இதெல்லாம் நோயை மட்டுப்படுத்தும். குணப்படுத்தும் என்று சொல்லி உங்களை நாங்களும் ஏமாற்ற மாட்டோம்.

நாங்கள் கேட்பது

மூன்று ஜீன் சேர்ந்த விதை அடுத்த சம்பாவுக்குள் நம் பகுதி டெப்போக்களில் மானிய விலையில் இருக்க வேண்டும். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று மூன்று படி ஏற வேண்டும், நாளாகும் என்பார்கள். தெரியும். 2008-லிருந்து எத்தனை படி ஏறியிருக்கலாம் என்று திருப்பிக் கேட்போம். ஆந்திராவிலிருந்து சான்று விதையை வாங்கி ஒரு பட்டத்துக்குத் தரலாம், அதற்குள் இங்கே பெருக்கலாம். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் மையத்திலும் செயல்விளக்கத் திடல் போட்டு, பழைய பி.பி.டி.யையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுக் காட்டட்டும். கண்ணால் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம். டி.கே.எம்.6 பிறந்த நிலையம் அது, அதற்கு இந்த உரிமை உண்டு.

விதையைக் கொடுத்துவிட்டுக் கை கழுவவும் கூடாது. நம் மாவட்டத்துக் கிருமி எந்த வகை, எந்தப் பூட்டுக்கு அதனிடம் சாவி இருக்கிறது என்று ஒவ்வொரு சம்பாவிலும் பார்க்க வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் மெஷின் வேண்டியதில்லை. வேறு வேறு ஜீன் கொண்ட நெல் வரிசைகளைத் தொட்டியில் வளர்த்து, கிருமி கரைத்த தண்ணீரில் கத்தரிக்கோலை முக்கி இலை நுனியை வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கருகிய நீளத்தை ஸ்கேலால் அளப்பதுதான் உலகம் முழுக்க நடக்கிற சோதனை. ஒரு கூடாரம், ஒரு கத்தரிக்கோல், சம்பளம் வாங்கும் ஒரு ஆள். முடிவை ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

மிக்ஜாம் போன்ற வெள்ளத்துக்குப் பிறகு கணக்கெடுக்க வருகிறவர்கள் தண்ணீர் வடிந்த மறுநாளே வந்து, பயிர் பச்சையாக இருக்கிறது, சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். கருகல் தெரிவதே அதற்குப் பிறகுதான். வெள்ளம் நின்ற வயலில் மூன்று வாரம் கழித்து மறுகணக்கு எடுக்க வேண்டும், நிவாரணத்திலும் பயிர்க் காப்பீட்டிலும் அந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டும். குத்தகைக்காரரை விட்டுவிட்டுப் பட்டாதாரருக்கு மட்டும் கொடுப்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

விவசாயப் பெருமக்களே! அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் போகிறோம். வெறும் மனுவோடு போனால் சீல் குத்தி வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் உங்கள் வயலில் கருகிய இலை நான்கைப் பறித்து, செய்தித்தாளில் மடித்து, மேலே ஊர்ப் பெயர், ரகம், நடவு செய்த தேதி, கருகல் கண்ட தேதி எழுதிக் கொண்டுவாருங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், களையெடுக்கும்போது முதலில் நோயைக் காண்பது அவர்கள் கண்தான். டம்ளரும் தண்ணீரும் சங்கம் கொண்டுவரும். ஆட்சியர் மேஜை மேலேயே இலையை வெட்டிப் போட்டுக் காட்டுவோம். காய்ந்த இலையில் பால் சரியாக இறங்காது, அதனால் ஊருக்கு ஒரு இலையாவது அன்று காலையில் பறித்ததாக இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் மிச்ச இலையை வழியில் எந்த வயலிலும் வாய்க்காலிலும் போட்டுவிடாதீர்கள், திரும்பக் கொண்டுவந்து அடுப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், தாம்பரம் வட்டாரம்